சாமிக்கா, தலைக்கா, துட்டிக்கா? நெல்லைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பூ வழிகாட்டி

பாளையங்கோட்டையில் சாயங்கால நேரம் ஒரு பூக்கார அக்கா முன்னால் போய் நின்று “பூ வேணும்” என்று சொல்லிப் பாருங்கள். உடனே விலை வராது. ஒரு கேள்விதான் வரும்: “சாமிக்கா, தலைக்கா?” முகம் வாடியிருந்தால் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பார்: “துட்டிக்கா?” துட்டி என்றால் எங்கள் ஊரில் சாவு. நெல்லைச் சீமையின் பூ வழக்கம் பெரும்பாலும் இந்த மூன்று சொல்லுக்குள் அடங்கிவிடும்.

வேலைக்காகவோ படிக்கவோ கல்யாணமாகியோ இந்தப் பக்கம் வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம்?” என்பதுதான். சிவப்பு ரோஜா காதல், வெள்ளை லில்லி தூய்மை என்று ஒரு பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே கொடை என்கிற கோயில் திருவிழாவுக்கோ நிச்சயதார்த்தத்துக்கோ போனால் ஒன்றும் விளங்காது. ஒரே பூ கழுத்தில் விழுந்தால் ஒரு பேச்சு, கூந்தலில் ஏறினால் வேறு பேச்சு, காலடியில் கிடந்தால் இன்னொரு பேச்சு. அதனால் பூவின் பெயரைவிட, அது போய்ச் சேரும் இடத்தை முதலில் பாருங்கள்.

முதலில் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

வெளியூர்ப் பெயர் சொன்னால் இங்கே கடையில் குழப்பம் வரும். மற்ற ஊர்களில் செண்டுமல்லி என்பதை இங்கே கேந்தி என்போம். சாமந்தியைச் சிவந்தி, செவ்வந்தி என்போம். சாதிமல்லிதான் எங்கள் பிச்சி: காம்பு நீளமாக, மொட்டின் வெளிப்பக்கம் லேசான ரோஸ் நிறம் ஓடியிருக்கும். மல்லி குண்டாக, பச்சை கலந்த வெள்ளையாக இருக்கும். கொழுந்து என்று மட்டும் சொன்னால் மருக்கொழுந்து. சங்கரன்கோவில் பூச்சந்தையிலிருந்தும், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் தோவாளையிலிருந்தும் பூ வருகிறது. தோவாளைக்கு ஒரு நாள் விடியுமுன் போய் வாருங்கள். அரளி இதழை மடித்து, நொச்சி இலை வைத்து, பாய் முடைவதுபோல் தட்டையாகக் கட்டும் மாணிக்க மாலையை அங்கேதான் பார்க்க முடியும். 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அளவைகள் மூன்று. கட்டாத பூ என்றால் உதிரி, எடைக்குக் கிடைக்கும். கட்டிய பூ என்றால் முழம், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை. சுருட்டி வைத்திருந்தால் பந்து. மார்கழி, தை மாதங்களில் பனியால் மல்லி வரத்து குறைந்து, கிலோ ஆயிரங்களில் விற்கும். அந்த நாட்களில் ஒரு முழம் கொஞ்சம் குட்டையாக இருந்தால் அக்காவிடம் சண்டை பிடிக்காதீர்கள்.

சாமிக்கு வாங்கும்போது

வாங்கிய பூவை முகர்ந்து பார்க்காதீர்கள். எங்கிருந்து வந்தவரானாலும் பூவைக் கையில் எடுத்ததும் மூக்குக்குக் கொண்டுபோவார்கள், அது இயல்புதான். ஆனால் சாமிக்கு என்று வாங்கியதை மனிதர் முகர்ந்துவிட்டால் அது சாமிக்கு ஆகாது என்பது வழக்கம். இதற்கு ஒரே விலக்கு பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். அவள் சூடிப் பார்த்துக் கொடுத்த மாலையைத்தான் பெருமாள் விரும்பினார் என்று கதை, அதனால்தான் சூடிக்கொடுத்தாள் என்றே பெயர்.

எந்தச் சாமிக்கு எது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும், துளசி வேண்டாம். பெருமாளுக்குத் துளசி. சிவனுக்கு வில்வம், கொன்றை, தும்பை. தாழம்பூ கூடாது, பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொன்ன பூ அது என்று புராணம். அம்மனுக்கும் முருகனுக்கும் செவ்வரளி. ஆழ்வார்திருநகரிக்குப் போனால் மகிழம்பூவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பிறந்த நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்று ஒரு பெயர், மகிழமாலை அணிந்தவர் என்று அர்த்தம். காய்ந்த பிறகும் மணம் போகாத பூ அது. ஆயிரம் வருடம் தாண்டியும் ஒருவருடைய பாட்டு மணக்கிறது என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான பூ எனக்குத் தெரிந்து வேறில்லை.

கொடைக்கு உங்களை யாராவது கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் நடக்கும் கொடைதான் இந்த மண்ணின் பெரிய பூ விழா. சாமி பிச்சியிலும் அரளியிலும் முகம் மட்டும் தெரிய நிற்கும். வில்லுப்பாட்டு ஏற ஏற, சாமியாடி கமுகம்பூவை, அதாவது பாக்குமரப் பூவை, கொத்தாக அள்ளிக்கொண்டு ஆடுவார். பூ மணிமணியாக உதிர்ந்து நம் தலையிலும் விழும். தட்டிவிடாதீர்கள், அது திருநீறு மாதிரி. இன்னொன்று: “இன்னைக்குப் பூக்குழி இருக்கு” என்று சொன்னால் பூப் பரப்பிய குழி என்று நினைத்துவிட வேண்டாம். அது கனன்றுகொண்டிருக்கும் தீக்குழி. நேர்ந்துகொண்டவர்கள் வெறுங்காலோடு அதில் இறங்கிப் போவார்கள். நெருப்பை நெருப்பென்று சொல்லாமல் பூவென்று சொல்வது அம்மனுக்குக் காட்டும் மரியாதை.

பொட்டல்புதூர் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போவார்கள். அங்கே பூவை உள்ளே இருப்பவரிடம் கொடுத்தால் போதும், அவரே வைத்துவிடுவார்.

தலைக்கு வாங்கும்போது

பெண்ணொருவர் வீட்டுக்கு முதல்முறை போகிறீர்கள் என்றால் இரண்டு முழம் மல்லியோ பிச்சியோ கொண்டுபோவது எப்போதும் சரியாக இருக்கும். கேந்தி வேண்டாம், அது தலைக்கு வைக்கிற பூ இல்லை. உங்களுக்கு யாராவது பூக் கொடுத்தால் வலது கையால் வாங்கி, கண்ணில் ஒற்றி, ஒரு துண்டாவது அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டால், கொடுத்தவர் மனசு சுருங்கும்.

ஆனால் யார் யார் பூ வைப்பார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பாளையங்கோட்டை கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர். சில சபைகளில், குறிப்பாகப் பெந்தெகொஸ்தே சபைகளில், பெண்கள் பலர் பூ வைப்பதில்லை. அவர்கள் வீட்டுக்குப் பழம் வாங்கிப் போகலாம்.

இந்த இடத்தில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. என் அம்மா நாள் தவறாமல் பூக் கட்டுவாள். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து மெல்லிய இழையாகக் கிழித்து, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வளையம் போட்டு இழுப்பாள். இறுக்கினால் காம்பு நறுங்கிவிடும், தளர விட்டால் பூ உதிரும். அந்த அளவு அவள் விரலுக்குத் தெரியும். அப்பா இறந்த பிறகு அவள் கட்டுவதை நிறுத்தவில்லை, வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பூத்தட்டு வரிசையாக வந்தது. அம்மா முன்னால் வந்ததும் தட்டு ஒரு கணம் நின்று, அவளைத் தாண்டிப் பக்கத்திலிருந்த எனக்கு நீண்டது. அந்தத் தட்டில் இருந்தது அம்மா காலையில் உட்கார்ந்து கட்டிய பூ.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு விசேஷங்களில் நான்தான் தட்டை எடுப்பேன். முதலில் அம்மாவிடம்தான் நீட்டுவேன். முதல் இரண்டு தடவை வேண்டாமென்று கையை அசைத்தாள். மூன்றாம் தடவை ஒரு துண்டு எடுத்து முகர்ந்துவிட்டுச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். நீங்களும் உங்கள் வீட்டில் தட்டை எடுத்தால் எல்லாருக்கும் நீட்டுங்கள். எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம். யாரையும் தாண்டிப் போகாதீர்கள்.

பூ என்று வரும் பேச்சு

“அந்தப் பிள்ளைக்குப் பூ வச்சாச்சு” என்றால் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண் தலையில் பூ வைத்துப் போவது, வாக்குக் கொடுத்ததற்குச் சமம். “பூக்கட்டிப் பாத்தியா?” என்று கேட்டால் சாமியிடம் உத்தரவு கேட்டாயா என்று அர்த்தம்: வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்த நிறத்துக்கு எந்தப் பதில் என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்வார்கள். தேர்தல் செய்தியில் “வெற்றி வாகை சூடினார்” என்று படிப்பீர்கள். அதுவும் பூதான். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, மதிலைக் காத்தால் நொச்சி, களத்தில் நேருக்கு நேர் பொருதால் தும்பை, ஜெயித்தால் வாகை என்று போரையே பூவால் பிரித்த மொழி இது. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, எங்கள் பாண்டியனுக்கு வேப்பம்பூ. பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை இந்தச் சீமையில்தான் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் தெருவெல்லாம் வேப்பம்பூ கொட்டிக் கிடக்கும்போது, ஒரு ராஜாவின் அடையாளப் பூ இது என்று நினைத்துக்கொண்டு நடப்பேன்.

மார்கழியில் வந்திருந்தால்

காலையில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் மஞ்சளாகப் பூசணிப்பூ இருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தப் பூ அன்றோடு போய்விடுவதில்லை என்பதுதான் எங்கள் ஊர் விசேஷம். தினமும் அதைச் சாணியோடு சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். தை பிறந்ததும் சிறுவீட்டுப் பொங்கல். பெண்பிள்ளைகள் வீட்டு வாசலில் மண்ணால் குட்டி வீடு கட்டி, அதன் முன்னால் பொங்கலிட்டு, பிறகு அந்தப் பூ வறட்டிகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்த் தாமிரபரணியில் விடுவார்கள். ஒரு மாதத்துப் பூக்கள் மொத்தமும் அன்று ஆற்றோடு போகும். சின்ன வயதில் என் வறட்டி எவ்வளவு தூரம் மிதக்கிறது என்று கரையோடு ஓடியிருக்கிறேன். உங்கள் தெருவில் சிறுவீடு கட்டினால் உங்கள் மகளையும் அனுப்பிவையுங்கள், சேர்த்துக்கொள்வார்கள்.

துட்டிக்குப் போகும்போது

தலையில் பூ இருந்தால் எடுத்துவிட்டுப் போங்கள். கையில் ஒரு ரோஜா மாலையோ சிவந்தி மாலையோ போதும். கடையில் “துட்டிக்கு” என்று சொல்லிவிட்டால் அவரே பார்த்துக் கட்டித் தருவார். மாலையை உடம்பின் மேலோ காலடியிலோ வைத்துக் கும்பிட்டுவிட்டு, “போயிட்டு வாரேன்” என்று சொல்லாமல் வந்துவிட வேண்டும். நீர்மாலை எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னால் குழம்ப வேண்டாம். பிள்ளைகளும் பேரன்களும் இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவதற்கு அந்தப் பெயர். ஊர்வலம் போன பாதையில் கிடக்கும் பூவை எடுக்கவோ மிதிக்கவோ கூடாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போடாதீர்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒரு பையன், பிரியமாக, தன் வீட்டுக்காரத் தாத்தாவின் பிறந்தநாளன்று கூடத்திலிருந்த அவர் படத்துக்கு ஒரு சரம் மல்லியைப் போட்டுவிட்டான். தாத்தா சிரித்தார், ஆச்சி அழுதுவிட்டாள். பிரியம் இருந்தால் ஆளுக்கே கழுத்தில் போடுங்கள்.

நெல்லையிலிருந்து வெளியே போகும்போது

இது வந்தவர்களுக்கு மட்டுமல்ல, இங்கிருந்து போகிறவர்களுக்கும் சேர்த்து. கூடங்குளம் அணுமின் நிலையத்தால் ரஷ்யக் குடும்பங்கள் பல இந்தச் சீமைக்கு வந்தன. என் வீட்டுக்காரர் அங்கே ஒப்பந்த வேலையில் இருந்தபோது ஒரு ரஷ்ய அம்மாவின் பிறந்தநாளுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நாகர்கோவிலில் சொல்லிவைத்து 12 சிவப்பு ரோஜா வாங்கிப் போனேன். அந்த அம்மா முகம் மலர்ந்து வாங்கிக்கொண்டார். சமையலறைப் பக்கம் போனவர், சத்தமில்லாமல் ஒரு ரோஜாவை உருவித் தனியாக ஒரு டம்ளரில் வைத்ததைப் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது: அவர்கள் ஊரில் இரட்டைப்படையில் பூக் கொடுப்பது இறந்தவர்களுக்கு, உயிரோடிருப்பவர்களுக்கு எப்போதும் ஒற்றைப்படை. டஜன் கணக்கில் வாங்கிய எனக்கு அது எட்டவே இல்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த ஒற்றைப் பூவை அவர் உருவிய விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

சிவந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அம்மன் மாலை. ஜப்பானில் 16 இதழ்ச் சிவந்திதான் பேரரசர் குடும்பத்தின் முத்திரை. ஆனால் அதே ஜப்பானிலும், சீனா, கொரியாவிலும் வெள்ளைச் சிவந்தி சாவு வீட்டுப் பூ. பிரான்சில் நவம்பர் 1-ம் தேதி, சகல புனிதர் நாளில், கல்லறைக்கு எடுத்துப் போகும் பூவும் அதுதான். ஆகவே பாரிசில் ஒரு வீட்டு விருந்துக்குச் சிவந்திக் கொத்தோடு போய்விடாதீர்கள். ஜப்பானில் நோயாளியைப் பார்க்கப் போகும்போது தொட்டிச்செடி கொண்டுபோகக் கூடாது. செடி வேர் பிடிப்பதைச் சொல்லும் வார்த்தை அவர்கள் மொழியில் படுக்கையில் விழுவதைச் சொல்லும் வார்த்தை போலவே ஒலிக்கிறது, அதனால் நோயும் வேரூன்றிவிடும் என்று பயம்.

வெள்ளைப் பூவிலும் கவனம் வேண்டும். நமக்குத் தலைநிறைய மல்லி என்றால் மங்கலம். பழைய சீன வழக்கத்தில் பெண் தலையில் வெள்ளைப் பூ வைத்தால் துக்கத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். சிங்கப்பூரில் நம்மவர்களும் சீனர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்து, ஒருவர் வழக்கத்தை ஒருவர் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த மல்லியே பிலிப்பைன்ஸில் சம்பகீத்தா என்ற பெயரில் 1934 முதல் தேசிய மலர். ஜாவாவில் மணப்பெண் கொண்டையிலிருந்து நெஞ்சுவரை மல்லிச்சரம் தொங்கும். தாய்லாந்தில் ஆகஸ்ட் 12 அன்னையர் தினம், அன்று பிள்ளைகள் அம்மாவுக்குக் கொடுப்பது மல்லி. ஹவாயில் காதோரம் பூ வைத்தால் பக்கம் பார்க்க வேண்டும்: இடது காது என்றால் துணை இருக்கிறது, வலது என்றால் இல்லை. நம்மூரில் ஆண்கள் கோயில் பூவைக் காதில் செருகிக்கொண்டு வருவதை அங்கே போய்ச் செய்தால் வேறு கேள்வி வரும்.

கேந்தியின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆயுதபூஜைக்கு ஆட்டோவிலிருந்து அரிவாள்வரை நாம் மாட்டுகிற இந்தப் பூ நம் நாட்டுப் பூவே அல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில், இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாளில், வாசலிலிருந்து படையல்வரை கேந்தி இதழைப் பாதையாகத் தூவுவார்கள். அதன் நிறமும் மணமும் ஆன்மாவுக்கு வழி காட்டும் என்று நம்பிக்கை. அதே நவம்பர் 2-ம் தேதி சாயங்காலம் இங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். கல்லறைகளைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, சிலுவையடியில் கேந்தியும் செவ்வந்தியும் பரப்பியிருப்பார்கள். மெக்சிகோக்காரர் ஒருவர் அங்கே வந்து நின்றால் யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்காது.

கடைசியாக, வாடிய பூ

சாமிக்குப் போட்டதையும் தலையில் வைத்ததையும் குப்பைத் தொட்டியிலோ கால் படும் இடத்திலோ போடாதீர்கள். முன்பெல்லாம் ஆற்றில் விடுவோம். இப்போது தாமிரபரணி படும் பாட்டைப் பார்த்துவிட்டு நான் அதை நிறுத்திவிட்டேன். கடையில் நூலில் கட்டிய சரமானால் முதலில் நூலை உருவிவிடுங்கள், அது சீக்கிரம் மக்காது. வாழைநார் மக்கிவிடும், அப்படியே விடலாம். மொத்தத்தையும் ஒரு செடியின் தூரில் போட்டு மேலே ஒரு கை மண் தள்ளிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது பின்வாசல் பிச்சிக்கொடி. அம்மா தினமும் காலையில் அதன் கீழே உட்கார்ந்துதான் மொட்டுப் பறிக்கிறாள்.